புசலும் அந்தரும் கிலோவாகும் இடம்: ஒரு நெல் பதிவேட்டுக்கு ட்ரிகர் எழுதிய அனுபவம்

பரந்தனுக்கு அண்மையில் கமக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு நெல் கொள்வனவுக் களஞ்சியத்தின் பதிவேட்டைக் கொப்பியில் இருந்து கணினிக்கு மாற்றித் தருவதாக, தை மாதத் தொடக்கத்தில் நான் ஒப்புக்கொண்டேன். காலபோக அறுவடை தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்பதே என் கணக்காக இருந்தது. அறுவடை முடிந்து, லொறிகள் எல்லாம் ஏற்றிப் போன பின்னர், பங்குனி நடுப்பகுதியில்தான் அந்தப் பதிவேடு நான் பக்கத்தில் இல்லாமலே ஓடக்கூடிய நிலைக்கு வந்தது. இடையில் என்ன நடந்தது என்பதை, பிழைவிட்ட ஒழுங்கிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் மேடைத் தராசு இருக்கிறது. அதில் நிறுத்தால் கிலோவில் வரும். ஆனால் வயலிலேயே அளந்து கட்டிக்கொண்டு வருபவர்கள் புசலில் சொல்வார்கள், வயதானவர்கள் சிலர் அந்தரில் சொல்வார்கள், பற்றுச்சீட்டிலும் அவர்கள் சொன்னபடியேதான் எழுதப்படும். அடையாள அட்டை இலக்கத்தை ஒருவர் இறுதி எழுத்துடனும், இன்னொருவர் அது இல்லாமலும், வேறொருவர் நடுவில் இடைவெளி விட்டும் பதிவார். தொலைபேசி இலக்கம் 0 இல் தொடங்கும், 94 இல் தொடங்கும், சில வேளை நேரடியாக 7 இலேயே தொடங்கும். ஒரே ஆள் மூன்று ஆட்களாகப் பட்டியலில் நிற்பார். மொத்த நிறையோ ஒருபோதும் கொப்பியோடு ஒத்துவராது.

இவற்றைப் பதிவுப் படிவத்திலேயே திருத்தலாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் தரவு மூன்று வாசல்களால் உள்ளே வந்தது: களஞ்சியத்தில் இருக்கும் தங்கச்சி பாவிக்கும் படிவம், நெல்லை ஏற்றிச் செல்பவர்கள் தரும் எக்செல் கோப்பு, இரவில் நானே தரவுத்தளத்துக்குள் நேரடியாக இறங்கிச் செய்யும் திருத்தம். மூன்று வாசலிலும் ஒரே காவலை வைப்பதைவிட, எல்லாரும் கடைசியில் வந்துசேரும் அட்டவணையின் வாயிலில் ஒரு காவலை வைப்பது நல்லது என்று பட்டது. ட்ரிகர் என்பது அதுதான்: ஒரு வரி அட்டவணைக்குள் நுழையும்போதோ மாறும்போதோ, யாரும் கூப்பிடாமல் தரவுத்தளமே ஓட்டும் சிறு செய்நிரல். (பாடசாலைத் தமிழில் வரியை நிரை என்பார்கள். நெல்லின் நிறையைப் பற்றியே முழுக்க எழுதப்போகும் இடத்தில் நிரையும் நிறையும் சேர்ந்து வந்தால் நானே குழம்பிவிடுவேன் என்பதால், வரி என்றே எழுதுகிறேன்.)

கிளிநொச்சி நகரில் வாங்கிய பழைய கணினி ஒன்று 38,000 ரூபாய். 4 ஜிபி நினைவகம். அதற்குள் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டது 8,000. மின்வெட்டுக்காக யூபிஎஸ் மின்கலம் மாற்றியது 6,500. ஆக 52,500 ரூபாய். உபுண்டு இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ் 15 என்ற தரவுத்தள மென்பொருளும் இலவசம். படிவத்தை பிஎச்பியில் எழுதினேன். என் நேரத்துக்குக் கூலி பேசவில்லை. பேசியிருந்தால் அவர்கள் கொப்பியிலேயே இருந்திருப்பார்கள்.

முதல் பிழை அரை மணித்தியாலத்தில் வந்தது. வரி பதியப்பட்ட பின்னர் ஓடும் 'ஆஃப்டர்' ட்ரிகர் ஒன்றை எழுதி, அதற்குள் அதே வரியை 'அப்டேட்' செய்து, அதாவது திருத்தி எழுதி, நிறையைக் கிலோவாக்கும்படி வைத்தேன். அந்த ட்ரிகரை இன்சர்ட்டுக்கும் (புதிய வரி சேர்த்தல்) அப்டேட்டுக்கும் சேர்த்தே கட்டியிருந்தேன். ஆகவே அது செய்த அப்டேட் அதையே மீண்டும் எழுப்பியது, அது மீண்டும் ஒன்றைச் செய்தது. கடைசியில் அடுக்கின் ஆழ எல்லை கடந்துவிட்டது என்ற செய்தியோடு எல்லாம் நின்றது. போஸ்ட்கிரெஸ் முழுவதையும் பின்வாங்கிவிடுவதால் சேதம் எதுவும் இல்லை. வரி எழுதப்படும் முன்னரே ஓடும் 'பிஃபோர்' ட்ரிகராக மாற்றினேன். அதில் அப்டேட் தேவையில்லை. உள்ளே வரும் வரி 'நியூ' என்ற பெயரில் கையில் கிடைக்கும், அதில் வேண்டிய நிரலை (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் column) மாற்றிவிட்டு அதையே திருப்பிக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது பிழை சத்தமில்லாமல் நடந்தது. ஒரு நாள் மாலை தங்கச்சி 63 பற்றுச்சீட்டுகளைப் பதிந்திருந்தார். அட்டவணையில் 58 வரிகளே இருந்தன. படிவமோ ஒவ்வொரு தடவையும் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டியிருந்தது. அடையாள அட்டை இலக்கம் வெறுமையாக இருந்தால் 'நல்' (null, ஒன்றுமில்லை) திருப்பிக் கொடு என்று நான் எழுதியிருந்ததே காரணம். பிஃபோர் ட்ரிகர் ஒன்று நல் கொடுத்தால், அந்த வரியை விட்டுவிடு என்று போஸ்ட்கிரெஸ் விளங்கிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் தராது. விடுபட்ட ஐந்தையும் கார்பன் பிரதிகளில் தேடிப்பிடித்துப் பதிந்தோம். அன்றிலிருந்து, ஏற்க முடியாத வரி என்றால் 'ரெய்ஸ் எக்செப்ஷன்' மூலம் தமிழிலேயே காரணத்தைச் சொல்லி நிறுத்தும்படி வைத்தேன். படிவம் அந்தச் செய்தியை அப்படியே சிவப்பில் காட்டும்.

இனி, இரண்டு வாரத்தைத் தின்ற பிழை. மாசி இரண்டாம் வாரம் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தார்: "அண்ணை, இந்த ஐயான்ர நெல்லு மூண்டரை லட்சம் கிலோவாம். எங்கட களஞ்சியத்தையே நிரப்பினாலும் அவ்வளவு வராது." அந்த ஐயா கொண்டுவந்தது 38 புசல். ஒரு புசல் நெல் என்பது 46 இறாத்தல், கிலோவில் 20.87. ஆகவே 793.06 கிலோ என்று பதிவாகியிருக்க வேண்டும். முதல் நாள் அப்படித்தான் பதிவாகியும் இருந்தது. அடுத்த நாள் அவருடைய தொலைபேசி இலக்கத்தில் ஓர் இலக்கம் பிழை என்று தங்கச்சி அந்த வரியைத் திறந்து திருத்திச் சேமித்தார். ட்ரிகர் மறுபடியும் ஓடியது. அலகு நிரலில் இன்னமும் புசல் என்றே இருந்ததால் 793.06 ஐ 20.87 ஆல் பெருக்கி 16,551.16 ஆக்கியது. பின்னர் ஊரின் பெயரைத் திருத்தினார்; 345,422.71 ஆயிற்று.

மருந்து தேடியபோது முதலில் தவறான மருந்தையே எடுத்தேன். நிறை நிரல் மாறும்போது மட்டும் ட்ரிகர் ஓடட்டும் என்று, 'அப்டேட் ஆஃப்' என்ற வடிவில் அந்த நிரலின் பெயரைக் குறிப்பிட்டுக் கட்டினேன். வீட்டில் சோதித்தபோது வேலை செய்தது, களஞ்சியத்தில் செய்யவில்லை. அந்த வடிவம், நிரலின் மதிப்பு மாறியதா என்று பார்ப்பதில்லை. அப்டேட் கட்டளையில் அந்த நிரலின் பெயர் வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. நான் எழுதிய படிவமோ, எதைத் திருத்தினாலும் எல்லா நிரல்களையும் ஒன்றாகவே அனுப்பும். வீட்டில் நான் கையால் தட்டிய கட்டளையில் தொலைபேசி நிரல் மட்டுமே இருந்ததால் பிழை தெரியாமல் போனது. அடுத்ததாக, மாற்றிய கையோடு அலகையும் கிலோ என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அது பெருக்கத்தை நிறுத்தியிருக்கும். ஆனால் கமக்காரர் பற்றுச்சீட்டை நீட்டி "நான் 38 புசல் தந்தனான்" என்று கேட்கும்போது, கணினியில் 38 என்ற எண்ணே எங்கும் இருக்காது. களஞ்சியப் பொறுப்பாளர் ஐயா இதைக் கேட்டதும் ஒத்துக்கொள்ளவில்லை. "துண்டில இருக்கிறது அங்கயும் இருக்கோணும் தம்பி" என்றார். அவர் சொன்னது சரி.

ஆகவே மூன்று நிரல்களாகப் பிரித்தேன்: சொன்ன அளவு, சொன்ன அலகு, கிலோ. முதல் இரண்டையும் மனிதர் எழுதுவார். ட்ரிகர் அவற்றைத் தொடாது. மூன்றாவதை ட்ரிகர் மட்டுமே எழுதும், அதுவும் எப்போதும் முதல் இரண்டில் இருந்தே கணக்கிட்டு எழுதும்; படிவத்தில் இருந்து கிலோ வந்தாலும் அதைப் பொருட்படுத்தாது. இப்படி வைத்த பின்னர் அது ஒரு தடவை ஓடினாலும் நூறு தடவை ஓடினாலும் 793.06 தான். ட்ரிகரில் எதை மாற்றினாலும் நான் செய்யும் சோதனை இதிலிருந்தே வந்தது: ஒரு பரிவர்த்தனையைத் திறந்து, எல்லா வரிகளின் எல்லா நிரல்களையும் அவற்றின் மதிப்பாலேயே மூன்று தடவை அப்டேட் செய்து, முன்னைய பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு வரியாவது வேறுபடுகிறதா என்று பார்த்துவிட்டு, செய்ததையெல்லாம் பின்வாங்கும் 'ரோல்பேக்' கொடுப்பேன்.

பழுதான வரிகளை மீட்டதுதான் கொடுமை. அழித்து எழுதப்பட்ட எண்ணைப் பார்த்து, அது எத்தனை தடவை பெருக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. 16,551 என்றால் கண்ணுக்கே தெரியும். ஆனால் இரண்டு புசல் கொண்டுவந்தவரின் வரி இரண்டு தடவை பெருக்கப்பட்டால் 871 கிலோ வரும், அது 42 புசலுக்கும் பொருந்துவது போலத் தோன்றும். புசலில் பதிந்த 214 வரிகளையும் கார்பன் பிரதிகளோடு இரண்டு இரவுகள் ஒப்பிட்டோம். 27 வரிகள் பிழை.

சொன்ன அளவு நிரலை முதலில் தசம எண் வகையாக வைத்திருந்தேன். "38 1/2" என்று பதிந்ததும் பிழை வந்தது. ட்ரிகருக்குள் அரையையும் காலையும் கையாள எழுதியிருந்தேனே என்று தேடினால், ட்ரிகர் ஓடவே இல்லை. நிரலின் வகைக்கு மாற்றும் வேலை ட்ரிகருக்கு முன்னரே நடந்துவிடுகிறது. 12 எழுத்துகளுக்கு வரையறுத்த அடையாள அட்டை நிரலும் இதே காரணத்தால், இடைவெளிகளோடு நீண்ட இலக்கத்தை வாசலிலேயே தள்ளிவிட்டது. இடைவெளியை நீக்கவேண்டிய ட்ரிகருக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. மனிதர் எழுதும் நிரல்கள் எல்லாவற்றையும் நீள வரம்பு இல்லாத 'டெக்ஸ்ட்' ஆக்கினேன். மதிப்பைச் சரிபார்க்கும் 'செக்' நிபந்தனைகளும் வெறுமை கூடாது என்ற விதியும் பிஃபோர் ட்ரிகர் முடிந்த பின்னரே பார்க்கப்படுவதால், கண்டிப்பை அங்கே வைத்தேன்.

அந்தர் வேறு ஒரு பாடம். பொறுப்பாளர் ஐயாவுக்கு அந்தர் என்றால் 112 இறாத்தல், அதாவது 50.80 கிலோ. தங்கச்சிக்கு அந்தர் என்றால் உரப் பையின் அளவு, 50 கிலோ. நாற்பது அந்தருக்கு 32 கிலோ வித்தியாசம். எந்த எண்ணையும் ட்ரிகருக்குள் புதைத்து வைக்காமல், அலகும் அதன் கிலோவும் கொண்ட சிறு அட்டவணை ஒன்றை வைத்து அதில் இருந்து எடுக்கும்படி செய்தேன். முதலில் 50.80. பின்னர் எல்லாரும் கூடி 50 என்று முடிவெடுத்ததும் அட்டவணையில் மாற்றினேன். மறுநாள், ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த ஒரு பழைய வரியில் யாரோ பெயர்ப் பிழையைத் திருத்த, அதன் நிறை அந்தருக்கு 0.80 கிலோ குறைந்து, கொடுத்த பணத்தோடு முட்டியது. எந்தப் பெருக்கியால் கணக்கிட்டது என்பதையும் வரியிலேயே ஒரு நிரலில் எழுதிவைப்பதுதான் தீர்வாக அமைந்தது; பழைய வரி திருத்தப்படும்போது அலகு மாறாவிட்டால் 'ஓல்ட்' இல் (திருத்தத்துக்கு முந்திய வரியில்) உள்ள அதே பெருக்கியையே ட்ரிகர் பாவிக்கும். மூட்டை என்று பதிந்தால் மறுத்துவிடும். மூட்டைக்கு நிலையான நிறை கிடையாது. தராசில் ஏற்றத்தான் வேண்டும்.

பெயர்கள் விடயத்தில் ஓர் ஆசைக்காக ட்ரிகர்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். போஸ்ட்கிரெஸ் அதை ஏற்கும். ஆனால் பெயருக்கு எல்லை 63 பைட். தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'நெல்_கொள்வனவு_நிறை_கணிப்பு' என்று நான் பெருமையாக வைத்த பெயரின் வாலை அது ஒரு சிறு அறிவிப்போடு வெட்டிவிட்டது. சரி என்று சுருக்கி, கிலோவைக் கணக்கிடுவதற்குக் 'கணி_நிறை' என்றும், புஷல், பு. என்றெல்லாம் எழுதியதைப் புசல் என்று விளங்கிக்கொண்டு ஒரு துணை நிரலில் வைப்பதற்குச் 'சீர்_அலகு' என்றும் பெயரிட்டேன். தனித்தனியே சோதித்தால் இரண்டும் சரி. சேர்ந்து ஓடினால் அலகு தெரியாது என்று பிழை. ஒரு முழு மாலை போன பின்னர்தான் கண்டுகொண்டேன்: ஒரே அட்டவணையில் ஒரே வகை ட்ரிகர்கள் பல இருந்தால், அவை பெயரின் அகர வரிசையில் ஓடும். க முதலில், ச பிறகு. சீராக்கும் முன்னரே கணக்கு நடந்துகொண்டிருந்தது. பெயரை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து நானே மறந்துவிடுவேன் என்பதால், இரண்டையும் ஒரே ட்ரிகருக்குள் மேலிருந்து கீழாக எழுதிவிட்டேன்.

அடையாள அட்டை சுலபமாக முடிந்தது. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 இல் இருந்து வந்த அட்டைகளில் 12 இலக்கங்கள். பழையதன் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, இறுதி எழுத்தை நீக்கினால் 12 இலக்க வடிவம் வரும். பதிந்ததை அப்படியே விட்டு, இந்த வடிவத்தைப் பக்கத்து நிரலில் ட்ரிகர் எழுதும். ஆட்களை ஒப்பிடுவது அதை வைத்தே. தொலைபேசிக்கும் அவ்வாறே, 0 இல் தொடங்கும் பத்து இலக்க வடிவம்.

ஆட்களின் பெயரில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய உறுப்பினர் பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றியபோது, பொன் என்று தொடங்கும் பெயர்களில் ஒகரக் குறி, கொம்பும் காலும் என இரண்டு குறிகளாக உட்கார்ந்திருந்தது. இன்று தட்டினால் அது ஒரே குறியாக வருகிறது. திரையில் ஒரே தோற்றம், தேடினால் கிடைக்காது. போஸ்ட்கிரெஸில் 13 ஆம் பதிப்பில் இருந்து உள்ள 'நார்மலைஸ்' என்ற வசதி இந்த இரண்டு குறிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. ஆனால் ஔகாரக் குறியை கொம்பும் ள எழுத்துமாகத் தட்டியிருந்தால் அது தொடாது, ஏனெனில் அது உண்மையிலேயே வேறு எழுத்து. அப்படி வந்த பெயர்களைக் கையால்தான் திருத்தினோம்.

எக்செல் கோப்புகளோடு மட்டும் ட்ரிகரால் முழுதாக வெல்ல முடியவில்லை. எக்செல் தொலைபேசியின் முன் பூச்சியத்தைத் தின்றுவிடுகிறது, அதை மீட்டுவிடலாம். 12 இலக்க அடையாள எண்ணையோ அடுக்குக்குறியில் சுருக்கிக் காட்டி, சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது சுருக்கியதையே எழுதிவிடுகிறது. போன இலக்கங்கள் போனவைதான். அப்படிப்பட்டதை ட்ரிகர் மறுக்கிறது. 'காப்பி' கட்டளையால் ஏற்றும்போதும் ட்ரிகர் ஓடும் என்பதால், 140 வரிகளில் ஒன்று மறுக்கப்பட்டால் 140 உம் பின்வாங்கும். இப்போது எல்லாம் டெக்ஸ்ட் ஆன, ட்ரிகர் இல்லாத ஓர் இடைத்தங்கல் அட்டவணையில் முதலில் கொட்டிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புகிறேன். மறுக்கப்பட்டவை காரணத்தோடு வெளியே காத்திருக்கும்.

ஈரப்பதனுக்கு ஒரு சிறு குறிப்பு. 14 சதவீதத்துக்குச் சரிசெய்த நிறையை, தரவுத்தளமே கணக்கிடும் 'ஜெனரேட்டட்' நிரலாக வைத்தேன்: 17 சதவீத ஈரத்தில் 793.06 கிலோ என்றால், 83 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க 765.40. இதை ட்ரிகருக்குள் வாசித்து விலையைக் கணக்கிடப் பார்த்தால் வெறுமையாகவே வந்தது. அந்த வகை நிரல் பிஃபோர் ட்ரிகர்கள் முடிந்த பின்னரே நிரப்பப்படுகிறது. விலைக் கணக்கைப் பார்வை அட்டவணை ஒன்றுக்கு மாற்றிவிட்டேன், அங்கே இருப்பதே பொருத்தமும் கூட.

சிறுபோகத்துக்கு முன் இரண்டு மாற்றங்கள் செய்வேன். படிவம் திருத்திய நிரல்களை மட்டும் அனுப்பும்படி திருப்பி எழுத வேண்டும். வரி மாறும்போதெல்லாம் பழைய வரியை வேறோர் அட்டவணையில் போட்டுவைக்கும் ஆஃப்டர் ட்ரிகர் ஒன்றும் வேண்டும். அது முதல் நாளே இருந்திருந்தால், இரண்டு இரவுகள் கார்பன் பிரதிகளோடு இருந்திருக்கத் தேவையில்லை. மற்றும்படி ஓடுகிறது. பற்றுச்சீட்டில் இப்போது இரண்டு வரிகள் அச்சாகின்றன: மேலே கமக்காரர் சொன்னபடியே 38 1/2 புசல், கீழே 803.50 கிலோ. பொறுப்பாளர் ஐயா மேல் வரியைத் தன் கொப்பியோடு ஒப்பிட்டுவிட்டே கையெழுத்து வைக்கிறார். கீழ் வரியை இன்னமும் ஒரு தடவை கணிப்பானில் தட்டிப் பார்க்கிறார்.